காரணம் எழுதும் இடம்

ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த காலை லாஞ்சுப் படகில், முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம், "சதுரத்தை முதலில சின்னனாப் போடுங்கோ, பிறகு அது வளரும்" என்றால் என்ன செய்வது?

கணவருக்கு நாற்பது வயதிருக்கும். மடியில் கொப்பி. கணக்குச் சோதனை எழுதப் போகிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"சமபக்க முக்கோணிக்குள்ள சதுரம். நாலு மூலையும் பக்கங்களில தொடவேணும். மூண்டுதான் தொடுது. போன ரண்டு தரமும் இப்பிடிக் கேள்வியை வெறுமையா விட்டிட்டு வந்தனான். இந்த முறையும் ஏலாதெண்டால் இனி எழுதமாட்டன்."

"மூண்டு தொட்டா இப்போதைக்குக் காணும். அடிக்கோட்டில, இடது பக்கத்தைத் தொடுற மாதிரிச் சின்னனா ஒண்டு போடுங்கோ. இப்ப முக்கோணியின்ர இடது மூலையில இருந்து, அந்தத் தொடாத மூலைக்கூடாக் கோடு இழுங்கோ. சதுரம் வளர வளர அந்த மூலை இந்தக் கோட்டிலதான் போகும். கோடு வலது பக்கத்தில முட்டுற இடத்தில நிப்பாட்டுங்கோ."

லாஞ்ச் ஆடியதில் கோடு சற்று வளைந்தது. ஆனாலும் முட்டியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், சரிதான். ஆனா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில காரணம் எழுதவேணுமே. இதுக்கு என்னத்தை எழுதுறது?"

"என்ர மனிசி சொன்னவ எண்டு எழுதுங்கோ."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை நாக்கில் தொட்டு, கொப்பியில் காரணம் எழுதும் இடத்தில் அதை அப்படியே எழுதினார்.