கண்ணில் ஒற்றிய துப்பாக்கி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஸ்டுடியோ முதலாளி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! வேஷம் கட்டுவோரே, விளக்குப் பிடிப்போரே, என்னோடு மரம் அறுக்கும் தச்சர்களே! பழங்காநத்தத்திலிருந்து வந்திருக்கும் வாத்தியாரின் உறவினர்களே! தச்சன் பேயாண்டியின் வணக்கம்.

இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். எழுத்துகள் கூடி ஒரு சொல்லாகும்போது இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் எழுதும் முதல் உரை இதுவாகவா இருக்க வேண்டும்?

நம் சண்டை வாத்தியார் விருமாண்டி அவர்கள் குதிரையிலிருந்து விழக் கற்றுக்கொடுத்தார். விழுந்தவன் முழுசாக எழுந்திருக்கவும் கற்றுக்கொடுத்தார். அவர் காலத்தில் எவன் கையாவது ஒடிந்ததுண்டா? அழகர்கோவில் அடிவாரத்தில் கோட்டைக் காட்சி எடுத்தபோது, ராஜா வேஷக்காரர் காபி கொண்டுவந்த சுருளியின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியை நீட்டி விளையாடினார். வாத்தியார் அதைப் பிடுங்கிக்கொண்டார். குண்டுதான் இல்லையே என்று ராஜா முறைத்தார்.

"குண்டு இல்ல, மருந்து இருக்குல்ல மாப்ள? நீ நடிக்கிறே. அதுக்கு நடிக்கத் தெரியாது" என்றார் வாத்தியார்.

வெறும் வெடிமருந்தும் அதை அடைக்கிற நாருமே பக்கத்தில் நிற்பவனைக் கொன்றுவிடும் என்று நமக்குச் சொன்னவர் அவர். எவர் முகத்துக்கு நேரேயும் துப்பாக்கியைப் பிடிக்கக் கூடாது என்று விதி வைத்தவரும் அவரே.

அப்படிப்பட்டவரை எப்படி இழந்தோம்? புதுப்படத்துக்குப் பூஜை. நல்ல நேரத்தில் முதல் வேட்டுப் போட வேண்டுமென்று துப்பாக்கியில் மருந்து கெட்டித்துத் தயாராக வைத்தோம். பொட்டு வைத்தோம். மாலை போட்டோம். மாலை விழுந்ததும் அது சாமியாகிவிட்டது. துப்பாக்கி என்பதே மறந்துபோனது. தொழில் கருவியைத் தொட்டுக் கும்பிடாமல் வேலை தொடங்காதவர் வாத்தியார். இரு கையாலும் எடுத்து, அதன் வாய்ப்பக்கத்தைக் கண்ணில் ஒற்றினார். மாலையின் நார் விசையில் சிக்கியது.

அவர் மனைவி மாயக்காள் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "சுடுற சாமானுக்கு எதுக்குண்ணே பொட்டு வச்சீக?"

அடுத்த வாரம் படப்பிடிப்பு மறுபடி தொடங்குகிறதாம். இனித் துப்பாக்கி பூஜைக்கு வரக் கூடாது. காட்சி எடுக்கும் நேரத்தில்தான் மருந்து கெட்டிக்க வேண்டும். முதலாளி அவர்கள் இந்தச் சபையிலேயே சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை தச்சர்கள் ஓர் ஆணியும் அடிக்க மாட்டோம்.

தோழர்களே! யார் துப்பாக்கியைக் கண்ணருகே கொண்டுபோனாலும், பக்கத்தில் நிற்கும் நாம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவோம் என்று உறுதி சொல்லுங்கள். அன்று வாத்தியாரின் கையைப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.