பொட்டு வெச்ச கட்டை

— என்னங்க, லைன்ல இருக்கீங்களா? அந்தப் பேட்டரிக் கட்டைக்குள்ள என்ன மருந்து இருந்துச்சுன்னு டாக்டர் கேக்குறாரு.

— எந்தக் கட்டை? எந்த டாக்டரு? ஏய், முதல்ல மூச்சு விட்டுப் பேசு.

— நீங்க அனுப்பின டார்ச் லைட்டுங்க. சார்ஜ்ல போட்டிருந்துச்சு. தொட்டா கொதிக்குது. என்னன்னு பாக்க மூடியைத் திருகினதும் மூஞ்சிக்கு நேரா படார்னு வெடிச்சிருச்சு.

— ஐயய்யோ! யார் மூஞ்சி? உனக்கா?

— தம்பிக்குங்க. ரெண்டு கண்ணுலயும் கட்டு போட்டிருக்காங்க.

— உன் தம்பிக்கா? அப்பாடா... சீ, அப்பாடாங்குறேன் பாரு. உசுரே போயிடுச்சுடி எனக்கு. நல்லாக் கழுவினாங்களா?

— தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவினாங்க. இன்னும் எரியுதுங்க. எரியுதுன்னு சொல்றான்.

— எரியாம? உன் தம்பி இன்ஜினியருக்கு எதைப் பாத்தாலும் கை அரிக்கும். மிக்ஸியைக் கழட்டினாரு, மிக்ஸி போச்சு. இப்ப டார்ச்சு. சூடானா பிளக்கைப் புடுங்கிட்டு தள்ளி நிக்கணும்னு தெரியாதா அந்தக் கழுதைக்கு? மூஞ்சிகிட்ட வெச்சா தொறப்பாங்க?

— திட்டாதீங்க.

— திட்டாம என்ன, மாலை போடவா? சரி, என்ன கட்டை போட்டான்? நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. செவப்புப் பொட்டு வெச்ச ரெண்டும் சார்ஜ் ஏத்துற கட்டை. பொட்டு இல்லாதது சாதா கட்டை, சுவர் கடிகாரத்துக்கு. டார்ச்சுக்கு எப்பவும் ஜோடியா போடுன்னு சொன்னேனா இல்லையா?

— ஜோடியாத்தாங்க போட்டது.

— அப்புறம் எப்படி வெடிக்கும்?

— பொட்டு வெச்சது ஒண்ணு, பொட்டு வெக்காதது ஒண்ணு. பொட்டு வெச்சது பொண்டாட்டி, இன்னொண்ணு புருஷன்... ஜோடின்னா அதுதானேன்னு... மிச்சத்தைக் கடிகாரத்துல போட்டாச்சு.

— அடிப்பாவி! இது என்ன கல்யாண வீடா? ஜோடின்னா ஒரே மாதிரி ரெண்டு! அதையும் இதையும் கலக்கவே கூடாது. சாதா கட்டைக்குள்ள கரண்டை ஏத்தினா உள்ள காத்து கட்டி வெடிக்காம என்ன செய்யும்?

— தெரியலியேங்க.

— உன் தம்பிக்கு இப்படியெல்லாம் தோணாதே. அவன் மண்டையில ஏது பொண்டாட்டி, புருஷன்? இது உன் புத்தி மாதிரில்ல இருக்கு.

— நான்தான் அவன்கிட்ட அப்படிச் சொன்னேன். விடுங்களேன். டாக்டர் நிக்கிறாரு. அதுல என்ன எழுதியிருக்கு? இங்க உள்ளதுல ஒறை கருகிப் போச்சு, ஒண்ணும் தெரியல.

— இரு, இங்க மேசை டிராயர்ல அந்தச் சாதா கட்டை, அதே பாக்கெட்டுல மிச்சம் ஒண்ணு கெடக்கு. ம்... இந்தா. ஒண்ணரைன்னு நம்பர் போட்டிருக்கு. மத்ததெல்லாம் இந்த ஊர் அரபி எழுத்து.

— படிங்க.

— படிக்கத் தெரிஞ்சா படிக்க மாட்டேனா? இத்தனை வருஷமா கம்பெனி கேட்டுல காவல் உக்காந்து வண்டி நம்பர்தான் படிக்கிறேன். ஒரு கொக்கி, அதுக்கு மேல ரெண்டு புள்ளி, அப்புறம் பாம்பு நெளிஞ்ச மாதிரி ஒண்ணு...

— பாம்பை வெச்சு டாக்டர் என்னங்க செய்வாரு?

— சிரிக்காதடி.

— சிரிக்கலைங்க.

— அழறியா? அழாதம்மா. நான் என்ன செய்யட்டும் சொல்லு. என் பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. லீவு கேட்டா அடுத்த ஆள் வரட்டும்பான். கேட்டை விட்டு எந்திரிச்சுப் போய் ஒருத்தன்கிட்ட இதைப் படிச்சுச் சொல்லுன்னு கேக்கக்கூட முடியல. லாரி வரிசையா நிக்குது. கட்டையைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறேன்.

— நீங்க வர வேணாம். அதுல உள்ளதை மட்டும் சொன்னா போதும்.

— பார்வை வந்துடுமா? டாக்டர் என்ன சொன்னாரு?

— கண்ணுக்கட்டு அவுத்தாத்தான் தெரியும்னாரு.

— கடவுளே. முட்டாப்பயதான், ஆனா கண்ணு போற அளவுக்கா தப்பு பண்ணிட்டான். அவன்கிட்ட போனைக் குடு, ரெண்டு வார்த்தை தைரியம் சொல்றேன்.

— இப்ப வேணாங்க. அப்புறம் பேசுங்க.

— இரு இரு, எனக்கும் புத்தி கெட்டுப்போச்சு. போட்டோ எடுத்து அனுப்பினா டாக்டரே பாத்துக்குவாரே. இப்படித் திருப்பி... ஒண்ணு. அந்தப் பக்கம் ஒண்ணு. அனுப்பிட்டேன் பாரு. வந்துச்சா?

— இருங்க... வந்துடுச்சுங்க.

— அவசரத்துல எடுத்தேன். எழுத்து தெரியுதா?

— தம்பி பாத்துட்டான். தெளிவா இருக்காம்.

— எந்தத் தம்பி?

— என் தம்பிதாங்க.

— ஏய். அவனுக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டுன்னு சொன்னியே. எப்படிப் பாத்தான்?

— போனை என் காதுல வெச்சுப் பிடிச்சிட்டு இருக்கிறதே அவன்தாங்க.