மூன்று எட்டுத் தள்ளி

ஹௌகிலம்பி,
6 நவம்பர் 1966

அன்புள்ள லெம்பி அக்காவுக்கு,

முதலில் யார் யார் இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். சென்ற சனிக்கிழமை, வேட்டைக் குடிசையில். கதவை ஒட்டி நான். எனக்கு எதிரே, அடுப்புக்கு இந்தப் பக்கம், உங்கள் தம்பி தாவெத்தி. மேல்பலகையில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் கிழவர் ஹுர்ஸ்காய்னன். விறகுக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவன் கறிக்கடை மன்னே. நான்கு பேர்தான். அன்று எல்க் மான் கிடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு சாசேஜைக் குச்சியில் குத்தி, நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டுக்காரர் ஒய்வா எப்படி இறந்தார், அவருடைய சட்டைக் கைகள் ஏன் நனைந்திருந்தன என்று வசந்த காலத்தில் கேட்டு எழுதியிருந்தீர்கள். டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். சட்டையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தெரிந்தவர் தாவெத்தி ஒருவர்தான், அவர் பத்து மாதமாக வாயைத் திறக்கவில்லை. அன்று திறந்தார். மன்னேயின் கேலிதான் திறக்க வைத்தது.

தாவெத்தி மடியில் கல்லை வைத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அது ஒய்வாவின் கத்தி. அலகின் சரிவு முழுதாகக் கல்லில் படிய, முன்னே தள்ளுவார்... ஸ்ர்ர்க். பிசிறு விரலில் தட்டியதும் மறுபக்கம். பிறகு பெல்ட்டின் உள்தோலில் இருபது தரம். மணிக்கட்டில் வைத்தார், மயிர் தானாக உதிர்ந்தது. அத்தனை நல்ல அலகு. ஆனால் பிடி இல்லை. கைக்குள் போகும் வெறும் இரும்பில் ஆணித் துளை மூன்று தெரிந்தது, அதன் மேல் தோல்வாரைச் சுற்றியிருந்தார்.

"என்ன தாவெத்தி, கைப்பிடிய எலி தின்னுடுச்சா?" என்றான் மன்னே.

"உன் கத்தியப் பாத்தா வெண்ணெயே சிரிக்குது. நீ பேசாத."

"நான் வேணா பிடிக்கு ஜோடிப் பலகை செஞ்சு தரேன்யா. பிர்ச் மரத்துல. சும்மாதான்."

தாவெத்தி தீட்டுவதை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். பழைய பிடியின் இரண்டு பலகைகள். தேன் நிறம். பிசின் ஊறிய பைன் மரம். அந்தச் சூட்டிலும் தார் வாசனை எழுந்தது. ஒன்றில் எஸ். மற்றதில் ஆர்.

கிழவர் மேலே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது திருப்பத்து மரமில்லையா?" என்றார்.

"ஆமா."

"அதப் போயி வீட்டுக்குள்ள கொண்டு போனானா! பாவி..."

அக்கா, அந்த மரம் உங்களுக்குத் தெரியும். ஏரியில் மூழ்கிப் போன உங்கள் மகள் சைமியை, பனியில் இழுக்கும் ஸ்லெட்ஜில், அடக்கத்துக்குத் தேவாலயம் கொண்டு போன அன்று, சாலைத் திருப்பத்தில் குதிரையை நிறுத்தினோம். ஒய்வா தன் கத்தியால் கீழ்க்கிளைகளைக் கழித்து, பட்டையைச் செதுக்கி, பிள்ளையின் இரண்டு எழுத்துகளை வெட்டினார். எதற்காக என்றும் தெரியும். இறந்தவர்களுக்கு வீட்டு நினைப்பு வரும். எழுந்து வருவார்கள். வழியில் தங்கள் எழுத்தைப் பார்த்ததும்... தாம் இறந்துவிட்டது தெரிந்து, திரும்பிப் போவார்கள். நீங்கள் அப்போது ஸ்லெட்ஜில் இருந்து இறங்கவே இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்று வருடம் முன் சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டினார்கள். விறகாகப் போக இருந்தது. ஒய்வா எழுத்து இருந்த துண்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார். இரண்டு வருடம் உலர்த்தி, நடுவில் பிளந்து, பித்தளை ஆணி மூன்று அடித்து, எழுத்தை வெட்டிய அதே அலகுக்கே பிடி போட்டார். "அவ பேரை அடுப்புல போட மனசு வரல, மச்சான். கையில வச்சுக்கிட்டா தேவலைன்னு தோணுச்சு" என்று தாவெத்தியிடம் சொன்னாராம்.

அது போன டிசம்பரில்.

பிற்பகல் மூன்று மணி. அதற்குள் இருட்டிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒய்வா தனியாக நடந்தார். நான்கு கிலோமீட்டர், வழியில் ஒரு வீடு கிடையாது. திருப்பத்தைத் தாண்டியதும் பின்னால் பனி நெறிபட்டது. சின்னப் பூட்ஸ். நின்றார்... நின்றது. நடந்தார்... நடந்தது. ஏரித் தண்ணீர் வாசனை. நனைந்த கம்பளி வாசனை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் விளக்கை ஏற்றி, கல்லை எடுத்துக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். ஸ்ர்ர்க்... ஸ்ர்ர்க்... வாசல்படியில் யாரோ பூட்ஸைத் தட்டினார்கள். இடது காலால் இரண்டு. வலது காலால் இரண்டு. அப்படித் தட்டும் ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். பதினைந்து வருடம் முன்பு.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. காலையில் பார்த்தால் தரையில் ஈரத் தடம், வாசலில் தொடங்கி மேஜையை நோக்கி. மேஜை மேல் கத்தி. கத்திக்கு மூன்று எட்டுத் தள்ளித் தடம் நின்றிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் குளமாக. ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். அப்புறம் வாசலுக்கே திரும்பியிருந்தது.

தினமும் இப்படி. கத்தியைப் பரணில் வைத்தார், இடுப்பில் வைத்தார், தலையணைக்கு அடியிலும் வைத்துப் பார்த்தார். எங்கே வைத்தாலும் அதற்கு மூன்று எட்டுத் தள்ளி. ஒரு நாள் தாவெத்தி போனபோது ஒய்வா அழுதுகொண்டிருந்தார்.

"வர்றப்ப சந்தோஷமாத்தான் வர்றா, மச்சான். காலடி துள்ளுது. இங்க வந்து எழுத்தப் பாக்கறா. அப்பறம் ஒரு மூச்சு... தேம்பற மாதிரி. தான் செத்துப் போனது அவளுக்கு அப்பத்தான் தெரியுது. ஒவ்வொரு நாளும் அப்பத்தான் தெரியுது. பெத்த அப்பன் கையில புடிச்சுக் காட்டறேன்."

"பிடியக் கழட்டி, திருப்பத்துல கொண்டு போயி ஒரு கம்பத்துல அறைஞ்சிடு" என்றாராம் தாவெத்தி. "அதுதான் முறை."

"அறையலாம்." ஒய்வா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே ஒரு நாள் இத நீ எடுத்துட்டுப் போ. நாளைக்கு நாம ரெண்டு பேரும் போயி அறைவோம்."

குடிசையில் மன்னேயின் சாசேஜ் கரிந்துபோனது; அவன் கவனிக்கவில்லை.

"எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்" என்றார் தாவெத்தி. "அவன் மறுபடி ஒரு தடவ நல்லாத் தீட்டி, தொடச்சு, உறையில போட்டுக் குடுத்தான். பாதி வழியில எதிர்ல சத்தம் கேட்டுச்சு. சின்னக் காலு. என்னைப் பாத்ததும் நின்னுடுச்சு. மூணு எட்டு. எதுவும் தெரியல, வெறும் ரோடு. ஆனா அந்தத் தேம்பல்... கேட்டேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கத்தி எங்கிட்ட. வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறது நானு."

"என்னய்யா பண்ணின?" என்றான் மன்னே.

"காட்டுக்குள்ள எறங்கிட்டேன். இடுப்பு வரைக்கும் பனி. முப்பது எட்டு, நாப்பது எட்டு, முடிஞ்ச வரைக்கும் போயி, கத்திய வயித்தோட அமுக்கிக்கிட்டு, மரத்துக்குப் பின்னால நின்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்பறம்... ரோட்டுல சத்தம். நடக்கல. ஓடுச்சு. வீட்டப் பாத்து ஓடுச்சு."

அடுப்பில் கட்டை சரிந்தது.

"குளிரு, சத்தம் தூரத்துக்குக் கேக்கும். பூட்ஸத் தட்டுச்சு. எடது ரெண்டு. வலது ரெண்டு. கதவத் தெறந்தான். வெளிச்சம் பனியில விழுந்தது மரங்களுக்கு நடுவுல தெரிஞ்சுது. 'வந்துட்டியாம்மா'ன்னான். அவ்வளவுதான். கதவு சாத்திடுச்சு."

மறுநாள் காலை அவர் ஆணியும் சுத்தியலுமாகப் போனார். ஒய்வா அடுப்போரம் நாற்காலியில் இருந்தார். இரண்டு சட்டைக் கைகளும் நெஞ்சும் நனைந்து விறைத்திருந்தன. கைகள் எதையோ அணைத்தபடி மடங்கியிருந்தன. ஏரி வாசனை. மேஜையில் இரண்டு கோப்பைப் பால். ஒன்று காலி.

"மொகம் எப்படி இருந்துச்சு?" என்று கிழவர் கேட்டார்.

தாவெத்தி பலகைகளை மறுபடி துணியில் முடிந்தார். "உள்ள போன தடம் இருந்துச்சு" என்றார். "வெளிய வந்த தடம் இல்ல." பிறகு முடிச்சை என் கையில் வைத்தார். "ஆணியத் தட்டிக் கழட்டினது நான்தான். அன்னைக்கு அறையவும் முடியல, வச்சுக்கவும் முடியல. அக்காவுக்கு அனுப்பு. நீயே எழுது, கலெர்வோ. எனக்கு எழுத வராது."

சைமியின் எழுத்து இருந்த மரத்துண்டு எங்காவது கிடைத்தால் வேண்டும் என்று நீங்களும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பலகைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்து அந்த வீட்டிலேயே தங்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். வரும்போது இவற்றைக் கொண்டு வருவதா, தம்பெரேயில் உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வெறும் கையோடு வருவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொண்டு வந்தால் அவள் தேம்புவாள். கொண்டு வராவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கலெர்வோ ஹிர்வோனன்

திங்கள், தபால் பெட்டி அருகே, பென்சிலில்:

உறையை ஒட்டாமல் வந்தது நல்லதாயிற்று. பெட்டி அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது, மரம் நின்ற இடத்துக்கு எதிரே. தபால் கார் மூன்றரைக்கு வரும். பால் கேன் வைக்கும் மேடையில் உட்கார்ந்து, காத்திருக்கும் நேரத்தில் கடிதத்தைச் சரிபார்த்தேன். நிமிர்ந்தால் புதுப் பனியில் தடம். சின்னப் பூட்ஸ். தேவாலயப் பக்கமிருந்து வரவில்லை, அக்கா. ஒய்வாவின் வீட்டுப் பக்கமிருந்து வந்திருக்கிறது. எனக்கு மூன்று எட்டுத் தள்ளி நிற்கிறது.

"இது அம்மாகிட்டத்தான் போகுது, சைமி" என்று உறையைக் காட்டிச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

திரும்பிப் போன தடம் இல்லை. இப்போது பனி கொட்டுகிறது. என் தடம் மூடிவிட்டது, வந்த தடமும் மூடிவிட்டது. அந்த மூன்று எட்டுத் தள்ளி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன இடத்தில் மட்டும் பனி விழவில்லை.

காரின் விளக்கு தெரிகிறது. ஒட்டுகிறேன்.