கதவுக்கு வெளியே சொன்ன இரண்டு வார்த்தை

மன்றத்தின் தலைமையை ஏற்று இம்மாலைக்கு மாண்பு சேர்த்திருக்கும் ஆயர் பெருந்தகை அவர்களே! பாடகர் குழுவைப் பல்லாண்டுகளாகப் பழுதின்றிக் காத்துவரும் பெரியோர்களே! பேசப்போவது நான் என்று தெரிந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைபேசிக்குள் குடியிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அப்போஸ்தலர் விழாவில் மருத்துவமனைக் கடைநிலை ஊழியனுக்கு என்ன வேலை? ஆயர் அழைத்தபோது நானும் அதையேதான் கேட்டேன். "ஐயா, நான் ஸ்ட்ரெச்சர் தள்ளினவன். எனக்கென்ன தெரியும்?" என்றேன். "தெரிஞ்சவங்க பேசி நிறைய கேட்டாச்சு. நீங்க வாங்க. பதினஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேணாம்," என்றார். முகம் கோணாமல் உண்மை பேசக்கூடியவர் நம் ஆயர்.

அப்போஸ்தலர் என்பவர் யார்? அரியணையில் அமர்ந்தவரா? ஆணையிட்டு ஆண்டவரா? கண்ணாடி ஓவியத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் தாங்கி நிற்பவரா? இல்லை, அன்பர்களே, இல்லை! அனுப்பப்பட்டவர். அந்தப் பழைய கிரேக்கச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். காலடியில் அமர்ந்து கற்றவரைச் சீடர் என்கிறோம். கற்றதைச் சுமந்துகொண்டு எழுந்து நடந்தவரைத்தான் அப்போஸ்தலர் என்கிறோம்.

அந்தப் பன்னிருவரில் மீன் பிடித்தவர்கள் இருந்தார்கள், வரி வசூலித்தவர் இருந்தார். யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். பவுலோ பன்னிருவரில் ஒருவரே அல்லர். விசுவாசிகளைத் துரத்தித் துரத்திப் பிடித்தவர், அவரும் அனுப்பப்பட்டார். கல்லறை காலியாக இருக்கிறது என்ற சேதியைச் சீடர்களிடம் கொண்டு ஓடியவர் மகதலேனா மரியாள். அவரை அப்போஸ்தலர்களுக்கே அப்போஸ்தலர் என்று திருச்சபை போற்றுகிறது. அவர் சொன்னதை அந்த ஆண்கள் உடனே நம்பினார்களா? தாய்மார்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. வீட்டு அனுபவம் போலிருக்கிறது.

நம் மதத்தோடு இது நின்றுவிடவில்லை. என் இஸ்லாமிய நண்பர்கள் இறைத்தூதர் என்று உள்ளம் உருகிச் சொல்கிறார்கள். ஒரு கொள்கையை ஊர் ஊராகத் தோளில் சுமந்தவரையும் அதன் அப்போஸ்தலர் என்று எழுதுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. சேதி அவர்களுடையது அல்ல. கொண்டு போகலாம், குறைக்கக் கூடாது. கொடுத்துவிட்டு வரலாம், கூட்டக் கூடாது.

இதை நான் வேதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. அறுவை முடிந்ததும் டாக்டர் கை கழுவி, உடை மாற்றி வெளியே வரக் கால்மணி நேரம் ஆகும். அதுவரை உறவினர்கள் தவித்துப் போவார்களே என்று உள்ளிருந்து ஓர் ஊழியர் கதவைத் திறந்து டாக்டர் சொன்னதைச் சொல்லுவார். அந்த ஊழியர் நான். "சொன்னதை மட்டும் சொல்லு. உன் கைச்சரக்கு வேணாம்," என்று பெரிய சிஸ்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். பதினோரு ஆண்டுகள் அப்படியே சொன்னேன்.

ஒரு நாள் மதியம் தையல்காரர் ஒருவருக்குக் குடலில் அறுவை. "முடிஞ்சுது, நான் வந்து பேசுறேன்னு சொல்லுப்பா," என்றார் டாக்டர். கதவைத் திறந்தேன். தையல்காரரின் மனைவி நின்றிருந்தார். கணவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "முடிஞ்சுதும்மா, நல்லா இருக்காரு," என்றேன்.

நல்லா இருக்காரு. இரண்டே வார்த்தை. டாக்டர் சொல்லாத இரண்டு வார்த்தை.

பின்வரிசையில் ஓர் அண்ணன், "அதுல என்ன தப்பு?" என்று கேட்கிறார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன், அண்ணா. அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே வெளியூரில் இருந்த மகளுக்குப் போன் செய்தார். மகள் அப்போது பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். "பதறாத கண்ணு, அப்பா நல்லா இருக்காராம். நாளைக்கு நிதானமா வா," என்றார். மகள் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

சாயங்காலம் தையல்காரர் இறந்து போனார். மகள் ஏறி இறங்கிய அந்த பஸ் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்து அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இம்முறை சேதி சொல்ல டாக்டரே வெளியே போனார். பின்னால் நான் நின்றேன். டாக்டர் பேசினார், அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே தம்பி?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை, சாபமிடவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாளே கெஞ்சிக் கேட்டு சலவைப் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். நான்கு ஆண்டுகள் துணி மூட்டை தூக்கினேன். துணி யாரிடமும் எதுவும் கேட்காது, அதனால் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஐந்தாம் ஆண்டில் ஒரு காலையில் பெரிய சிஸ்டர் வந்து நின்றார்.

"கிளம்பு. தியேட்டருக்குப் போகணும்."

"நானா? வேற ஆளே இல்லையா சிஸ்டர்?"

"ஆள் இருக்கு. வெளியே நிக்கிற அம்மா, நீதான் வந்து சொல்லணும்னு பிடிவாதமா நிக்கிறாங்க. தையல்காரர் சம்சாரம். உள்ளே இருக்கிறது அவங்க பொண்ணு."

கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தேன். "அவங்க ஏன் என்னைக் கேட்கணும்?" என்றேன்.

"நானும் கேட்டேன். 'ஒரு வார்த்தை கூடிப்போனா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இனி அவரு கூட்டிச் சொல்ல மாட்டாரு'ன்னாங்க."

அன்பர்களே! கோழி கூவுமுன் தம் ஆண்டவரையே மூன்று முறை மறுதலித்தவர் பேதுரு. அவரை ஆண்டவர் கைகழுவி விட்டாரா? கடற்கரையில் மூன்று முறை கேள்வி கேட்டு, மீண்டும் அனுப்பினார். தவறாதவரைத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தால் அந்தப் பன்னிரண்டு இடமும் இன்றுவரை காலியாகத்தான் கிடக்கும்!

அன்று மூன்று மணி நேரம் தியேட்டருக்குள் சுவரோரமாக நின்றேன். டாக்டர் நிமிர்ந்து, "முடிஞ்சுது. கண்ணைத் திறந்துட்டா. மத்ததை நான் வந்து சொல்றேன்," என்றார். அதை வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அதே அம்மா. கையில் மகளின் செருப்பு.

"முடிஞ்சுதும்மா. கண்ணைத் திறந்துட்டாங்க. மத்ததை டாக்டர் வந்து சொல்வாரு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லையா?"

நாக்கு நுனியில் ஆறுதல் நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினேன். "இல்லம்மா. அவ்வளவுதான்."

"அப்போ இது நிஜம்," என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நானும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கைக்கடிகாரத்தை ஆயர் இரண்டாம் முறை பார்க்கிறார். அப்போஸ்தலர் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லி அனுப்பினீர்கள், ஐயா. பேசிவிட்டேன். சொல்ல வந்ததைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.