பொடியனின் எடை

நாய்க்குட்டிக்குச் சாப்பாடு போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, டாக்டர். அளவுக் கிண்ணம் இருக்கிறது, நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. பார்த்து வாசித்தால் போதும். எங்கள் வீட்டில் அதைச் செய்ய முடிந்தவள் நான் ஒருத்திதான்.

பட்டறை விபத்தில் தம்பிக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவனுடைய சட்டைப் பொத்தான் முதல் கடிதம் வரை எல்லாமே நான்தான். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவன் அந்தக் குட்டியைக் கொண்டுவந்தான். மூன்றே மாதத்தில் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. அதற்குப் போய்ப் பொடியன் என்று பெயர் வைத்துவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வயதானதும் அவனுக்கு வழிகாட்ட அதைப் பழக்கித் தருவார்களாம்.

"அப்புறம் நான் தனியா ஒரு ரூம் எடுத்துக்கறேன்க்கா. உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல" என்றான்.

நான் யாரிடமும் ஓய்வு கேட்கவில்லை.

நீங்கள் தெளிவாகத்தான் சொன்னீர்கள். பெரிய ஜாதிக் குட்டி மெதுவாக வளர வேண்டும், எடை ஏறினால் இளம் மூட்டு தாங்காது, தனியாகக் கால்சியம் கொடுக்கவே கூடாது, தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். தம்பி கையால் ஒரு கிண்ணம், அவன் குளிக்கப் போனதும் என் கையால் இரண்டு. அதன் மேல் ஒரு கரண்டி கால்சியம் பவுடர். பொடியன் வாலை ஆட்டிக்கொண்டு வழித்து நக்குவான். நான் அவனை ஒருநாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்ப்போம். தம்பி அவனை மெஷின் மேல் ஏற்றிப் பிடித்துக்கொள்வான். நான் உங்கள் தாளில் அந்த வயதுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதைச் சொல்வேன். போனில் உங்களுக்குச் சொன்னதும் அதுதான். நேரில் வரச் சொன்னபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன்.

ஒருநாள் தம்பி பொடியனின் விலாவைத் தடவிக்கொண்டே, "எலும்பு தட்டுப்படலையேக்கா" என்றான்.

"ரோமம் அடர்த்தியாகுதுடா."

"அப்படியா" என்று கையை எடுத்துக்கொண்டான். நான் சொன்னால் அவனிடம் மறுபேச்சு கிடையாது. தங்கமான பிள்ளை.

பத்தாவது மாதம் பொடியனால் எழுந்து நிற்க முடியவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆபரேஷன் செய்தால் நடந்துவிடுவான் என்று நீங்கள் சொல்வீர்கள் என நான் எதிர்பார்க்கவில்லை. தம்பியின் முகம் அப்படியே மலர்ந்தது. 

இன்று காலை உங்கள் உதவியாளர் அவசரத்தில் இரண்டு தாள்களையும் என்னிடம் நீட்டி, "எதுன்னு முடிவு பண்ணிக் கையெழுத்து வாங்கிக் குடுங்க" என்றார். ஒன்று ஆபரேஷனுக்கு. மற்றது வலியில்லாமல் முடித்துவிடும் ஊசிக்கு. தம்பிக்கு முதல் தாளை வார்த்தை பிசகாமல் வாசித்துக் காட்டினேன். பிறகு அவன் விரலைப் பிடித்து இரண்டாவது தாளில் வைத்தேன். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

சற்று முன் அவன் உங்களிடம், "பொடியன் எப்போ டாக்டர் கண் முழிப்பான்?" என்று கேட்டான். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அதனால்தான் இந்த அறைக்குள் கூட்டிவந்து கதவைச் சாத்தினீர்கள், நானும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பொடியன் ஆபரேஷனில் போய்விட்டான் என்று தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உண்மை தெரிந்தால் உடைந்துபோவான். அப்போது அவன் சாய்ந்து அழுவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?