பேனாவால் நிரப்பிய பனி

தலைமை நாற்காலியைத் தம் மௌனத்தால் நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற தபால் அலுவலர் சில்வஸ்டர் அவர்களே! இத்தலாரிலிருந்து கேரட் லாரியில் தொற்றிக்கொண்டு வந்த பெரியவர்களே! ஞாயிற்றுக்கிழமை துணியைத் துவைக்காமல் இங்கே வந்து எங்கள் துயரைத் துவைக்கும் தாய்மார்களே! குன்னூர் வாசகசாலையின் குறுக்கெழுத்துக் குடும்பமே! வணக்கம்.

நம் வாசகசாலைக்கு வார இதழ் ஒரே ஒரு பிரதி. வெள்ளிக்கிழமை அது வந்ததும் மூத்த உறுப்பினர் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புவார். மற்றவர்கள் அதைப் பார்த்துத் தாமே கண்டுபிடிப்பார்கள். ஞாயிறன்று மூத்தவர் கரும்பலகையில் விளக்குவார். அந்த மூத்தவர் யார்? ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் இந்தச் சுப்பண்ணன்தான்!

(கைதட்ட வேண்டாம். கதை இனிமேல்தான் கெடப்போகிறது.)

போன மாதம் ஒரு குறிப்பு: 'மாலையின் காலை எடுத்தால் ஊட்டி இருக்கும் இடம். இரண்டெழுத்து.' நான் என்ன எழுதினேன்? 'பனி' என்று எழுதினேன். பென்சிலிலா எழுதினேன்? பேனாவில் எழுதினேன்! மாலை வந்து காலையை விரட்டினால் ஊட்டியில் மிஞ்சுவது பனிதானே என்று இருபது நிமிடம் முழங்கினேன். அழுதவர்கள்கூட உண்டு.

அதே முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கியது இன்னொரு விடை: 'பச்சை நிற மணி. ஐந்தெழுத்து.' 'ப'வில் தொடங்கியாக வேண்டுமே! 'பரகதம்' என்று எழுதினேன். பரகதி தரும் கல் பரகதம் என்று விளக்கினேன். பதினாறு உறுப்பினர்கள் பணிவோடு குறித்துக்கொண்டார்கள்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஐயா, பரகதம்னு ஒரு கல்லு இருக்குங்களா? எங்க லயத்துல மரகதம்னு ஒரு அக்காதான் இருக்கு."

சிரித்தவர் எவருமில்லை. கேட்டவர் ரஞ்சனி. தேயிலைத் தோட்டத்து லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் இருந்துகொண்டு ஆறு நாள் கொழுந்து பறித்து, ஏழாம் நாள் பஸ் ஏறி இங்கே வருபவர். உறுப்பினராகச் சேர அவர் கொடுத்த விண்ணப்பம் எட்டு மாதமாக என் மேஜை இழுப்பறையில் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர் கேள்வி கேட்க விதியில்லை என்றேன். விதி எவ்வளவு வசதியான பொருள், பார்த்தீர்களா?

அடுத்த இதழில் விடை வந்தது. மாலையில் உள்ள துணைக்காலை எடுத்தால் மலை. கீழே மரகதம். நான் தலைகுனிந்தேனா? குனிய விட்டால்தானே! நம் சரிதா அம்மையார் எழுந்தார். "ஏனுங்க, அண்ணன் பேனாவுல எழுதினது எப்படீங்க தப்பாகும்? பத்திரிகைக்காரந்தான் தப்பா அச்சடிச்சிருக்கான்!" உடனே கண்டனக் கடிதம். பதினாறு கையெழுத்து. பதினேழாவது என்னுடையது.

"ஏனுங்க, இதையெல்லாமா மேடையில சொல்றது?" என்று கேட்கிறீர்களா சரிதா அம்மா? வேறெங்கே சொல்வது? தவறைச் செய்ததும் இதே இடத்தில்தானே!

மறுநாள் தோட்ட வேலை முடிந்ததும் ரஞ்சனி என் கடைக்கு வந்தார். தாழ்ப்பாள் கேட்பாரென்று நினைத்தேன். விண்ணப்பத்தைக் கேட்டார். "திருப்பிக் குடுத்துருங்க ஐயா. தப்புன்னு தெரிஞ்சும் வாயத் தெறக்க முடியாத எடத்துல சேந்து நான் என்னத்தப் படிக்கப் போறேன்?"

அன்பர்களே! புதிருக்கு விடை தெரியாதது இழிவா? இல்லை. தவறான விடை இழிவா? இல்லவே இல்லை. தவறென்று தெரிந்தும் பதினேழு பேர் கையெழுத்திட்டோமே, அது இழிவு! ஒரு கல்லையே புதிதாகப் படைத்தோம், ஒரு பெண்ணின் கேள்வியை ஏற்க முடியவில்லை, அது இழிவு!

கண்டனக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தையும் திருப்பித் தரவில்லை. இதோ இருக்கிறது. பரிந்துரைக்க இருவர் வேண்டும். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். தலைவர் அவர்களே, உங்களுடையது?

"மீட்டிங் நடக்கும்போதா சுப்பண்ணா?"

நடக்கும்போதேதான் ஐயா. முடிந்துவிட்டால் எல்லோரும் டீக்குப் போய்விடுவார்கள்.

போட்டுவிட்டார்! அடுத்து, இந்த ஆண்டும் எனக்கென்று வைத்திருக்கும் ஞாயிறு விளக்கவுரையாளர் பதவியை நான் ஏற்கவில்லை. வாசல் தூணருகே நிற்கும் ரஞ்சனி அவர்களே, திரும்பிப் போகாதீர்கள். இந்தாருங்கள், சாக்பீஸ். இந்த வாரப் புதிரை நீங்கள் விளக்குங்கள்.

"உங்க விடை தப்புன்னா பேரச் சொல்லியே சொல்லலாங்களா ஐயா?"

ஊர்ப்பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் குறுக்கே பேசிய தாய்மார்க்கும் என் நன்றி. வணக்கம் கூறி இறங்குகிறேன். கடைசி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்குப் பதினோராம் குறிப்பில் ஒரு சந்தேகம் இருக்கிறது.