தோற்றவருக்கு நடக்கும் விருந்தில் வென்றவன் பேசியது

முந்நூறு பேருக்குச் சமைத்து, பரிமாறி, தோளில் போட்ட கைத்துண்டை இன்னும் இறக்காமல் இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கும் மாதர் சங்கத் தலைவி அர்லீன் ஹூக்ஸ்ட்ரா அவர்களே! தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தைத் திறந்துவிட்டு, "காபி எவ்வளவு வேணா குடிங்க, கட்சி மட்டும் பேசாதீங்க" என்று நடக்காத காரியத்தைச் சொல்லிவிட்டுப் போன போதகர் அவர்களே! முன்வரிசையில் மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருக்கும் மூத்த பெருமக்களே! பன்றிக்கறி உருண்டைகளும் உருளைக்கிழங்குமாக மேசையை நிறைத்துவிட்டு, இப்போது கண்களையும் நிறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! மக்காச்சோள வயலிலிருந்து நேராக வந்து சுவரோரம் நிற்கும் உழவர் பெருங்குடி மக்களே! என் கட்சியின் மாவட்டத் தலைவரும் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கியவருமான அருமை நண்பர் வெண்டல் ஓஸ்டர் அவர்களே! எல்லோருக்கும் மேலாக, பதினெட்டு ஆண்டுகள் நமக்காகச் சட்டமன்றத்தில் அமர்ந்து, சென்ற மாதம் பதினான்கே பதினான்கு வாக்குகளில் தோற்று, இதோ என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் லெனோரா ஹைட்பிரிங்க் அம்மையார் அவர்களே! அனைவருக்கும், அவரைத் தோற்கடித்த பாவி, ஏலக்காரன் கெரிட் வான் டெர் ஸ்டூப்பின் வணக்கம்.

யார் அங்கே கைதட்டியது? நிறுத்துங்கள் ஐயா. எதற்குக் கைதட்டல்?

நான் ஏலம் போட்டுப் பிழைக்கிறவன். முப்பது ஆண்டுகளாக மார்வெல்ட் மாட்டுச்சந்தையில் மேடை ஏறுகிறேன். கூட்டத்தில் ஒருவர் காதைச் சொறிந்தால் அது விலையா, கொசுவா என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. இந்தக் கூடத்தில் இருக்கும் முந்நூறு பேரும் வாசலில் என் கையைப் பிடித்து, "லெனோரா தோத்தது மனசே ஆறலப்பா" என்றீர்கள். தபால் நிலையத்தில் சொன்னீர்கள், தானியக் கிடங்கில் சொன்னீர்கள், முடிவெட்டும் நாற்காலியில் கழுத்தில் துணியோடு சொன்னீர்கள். முந்நூறு பேருக்கும் மனம் ஆறவில்லை என்றால் அவரைத் தோற்கடித்தது யார்? பக்கத்து மாவட்டத்துக்காரன் வந்து போட்டானா? பரணிலிருந்து பன்றி இறங்கி வந்து போட்டதா? சொல்லுங்கள் ஐயா, சொல்லுங்கள்!

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் வெண்டல் சந்தைக்கு வந்தார். "கெரிட், சட்டமன்றத்துக்கு நம்ம பக்கம் ஆளே இல்ல. உம் பேர மட்டும் குடு," என்றார்.

"அந்தம்மாவ எதுத்தா? எனக்கு என்ன பைத்தியமா?"

"யாரு ஜெயிக்கச் சொன்னா உன்ன? அந்த எடம் காலியா இருந்தா அசிங்கம்யா. ஒரு பேரு இருந்தாப் போதும்."

கொடுத்தேன். ஒரு கூட்டம் பேசவில்லை. ஒரு கதவைத் தட்டவில்லை. என் வீட்டுப் புல்வெளியில் விளம்பரப் பலகை இருந்தது உண்மை. அதில் யார் பெயர் இருந்தது? லெனோரா ஹைட்பிரிங்க் என்று இருந்தது! வேட்பாளன் வீட்டு வாசலில் எதிராளியின் பலகை! வெண்டல் அதைப் பார்த்தார், பல்லைக் கடித்தார், போய்விட்டார். வாக்குப்பதிவு நாளில் நானும் அவருக்குத்தான் போட்டேன். அப்படியும் நான் வென்றுவிட்டேன் என்றால், இது வெற்றியா, விபத்தா?

அம்மையாரின் அரசியல் வாழ்வைப் பற்றிப் பேசச் சொல்லி அர்லீன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். பதினெட்டு ஆண்டைப் பத்து நிமிடத்தில் அடைப்பதா? முயல்கிறேன்.

நம் மாவட்டம் எப்படிப்பட்டது? பத்துப் பேர் நின்றால் எட்டுப் பேர் குடியரசுக் கட்சி, ஒன்பதாவது ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். இங்கே ஜனநாயகக் கட்சியின் பெயரில் ஒரு பெண் நின்று ஒன்பது முறை வென்றார் என்றால் அது எதனால்? இந்த மாவட்டத்துக் கன்றுகளில் பாதியை வெளியே இழுத்த கை அந்தக் கை! பனியில் கால் புதைய வந்த கை, பசுவின் வயிற்றில் தோள்வரை புகுந்த கை. தொழுவத்தில் அவரோடு நின்றவன் எவனும் அவர் எந்தக் கட்சி என்று கேட்டதில்லை. "நல்ல பொம்பள, தப்பான கட்சி" என்று சொல்லிக்கொண்டே போட்டோம்.

தலைநகரில் என்ன நடந்தது? அங்கே அவருடைய கட்சிக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். துப்பாக்கிச் சட்டத்தில் நம் பக்கம் வாக்களித்தார் என்று தூணுக்குப் பின்னால் இருக்கையைக் கொடுத்தார்கள். அவைத்தலைவரைப் பார்க்க வேண்டுமானால் அம்மையார் கழுத்தை நீட்ட வேண்டும். அவர் கட்சித் தலைவர் ஒருநாள் நேராகவே கேட்டார்: "இந்தாம்மா, நீ எங்க ஆளா, அவங்க ஆளா?" அம்மையார் என்ன சொன்னார்? "நான் மார்வெல்ட் ஆளு. உங்களுக்கு வேணுங்கிறப்ப இங்க இருப்பேன், வேணாங்கிறப்பவும் இங்கதான் இருப்பேன்."

சரி, அங்கே அவர்கள் அப்படி. இங்கே நாம் எப்படி? பன்றிக் கொட்டில் சட்டம் வந்தது நினைவிருக்கிறதா? சாணக் குழி அடுத்தவர் வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி இருக்க வேண்டும் என்று அவர் வாக்களித்தார். அந்தக் கோடையில், இங்கே முதலில் குடியேறிய முன்னோடிகளுக்கான விழா. முந்தைய நாளே சாலையோரம் மடக்கு நாற்காலிகளைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் அல்லவா நாம்? ஊர்வலத்தில் அவருடைய டிராக்டர் வந்ததும், சொல்லிவைத்ததுபோல ஒரு தெரு முழுக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவருக்கு முதுகைக் காட்டினோம். நானும் காட்டினேன். மறுக்கவில்லை. அவர் என்ன செய்தார்? டிராக்டரை நிறுத்தி இறங்கினார். நாற்காலிகளுக்குப் பின்னால் சுற்றி வந்து நம் முகத்துக்கு நேரே நின்றார். நாம் மறுபடி திருப்பினோம். அவர் மறுபடி சுற்றி வந்தார். மூன்றாவது திருப்பலில் ஹார்லனின் நாற்காலி உடைந்து ஆள் தரையில் கிடந்தார். சிரிக்காதே ஹார்லன், நீதான்! அம்மையார் கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "வியாழக்கெழம சந்தை காபிக் கடைக்கு வா ஹார்லன். அங்க நாற்காலியெல்லாம் தரையில அறைஞ்சிருக்கு. ஒக்காந்து நல்லாத் திட்டலாம்."

அதுதான் அவர் வழி! பதினெட்டு ஆண்டு, வியாழக்கிழமை தவறாமல், சந்தைக் காபிக் கடையின் மூன்றாவது மேசை. யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே ஒரு விதி: திட்ட வருகிறவர் உட்கார்ந்துதான் திட்ட வேண்டும். நின்றுகொண்டு நாலு மணி நேரம் திட்டக்கூடிய ஹார்லன், உட்கார்ந்ததும் பத்து நிமிடத்தில் தன் மாட்டின் மடிநோயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் வாக்கை மாற்றினாரா அம்மையார்? மாற்றவில்லை! நான் அரை மணி நேரம் வாதாடினேன். "கெரிட், நீ சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதி நாறுது" என்றார். இன்றும் சொல்கிறேன், அந்தச் சட்டத்தில் அவர் செய்தது தவறு. சின்னப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் அதனால் தொழிலை விட்டார்கள். இந்த மேடையிலும் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆகவே அன்பர்களே, அங்கே அவர் துரோகி, இங்கேயும் அவர் துரோகி! இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அந்த ஒருவர்தான் இரண்டு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்கக்கூடிய ஒருவர். நம் மருத்துவமனையின் பிரசவப் பிரிவை வசந்தகாலத்தில் மூடப் போகிறார்கள். மூடினால் அடுத்த பிரசவ அறை அறுபத்திரண்டு மைல். பனிப்புயலில் அறுபத்திரண்டு மைல்! அதைத் தடுக்கும் மசோதா ஜனவரியில் வருகிறது. அதற்கு இரு கட்சியிலும் ஆள் திரட்டி வைத்தவர் இவர். இந்தக் கூடத்திலேயே வயிற்றில் பிள்ளையோடு நாலு பெண்கள் இருக்கிறார்கள், ஒருத்தி என் மருமகள். அவர்களுக்காகத் தலைநகரில் பேசப் போவது யார்? நானாம்! மசோதா என்றால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத நான்!

இப்போது குற்றத்துக்கு வருகிறேன்.

நம் வாக்குச்சீட்டின் உச்சியில் கட்சிக்கு ஒரு வட்டம் உண்டு. அதை ஒருமுறை கறுப்பாக்கினால் அந்தக் கட்சியின் அத்தனை பேருக்கும் வாக்கு. நாம் பதினெட்டு ஆண்டாக என்ன செய்தோம்? மேலே நம் கட்சி வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, கீழே இறங்கி வந்து, லெனோராவின் வட்டத்தை மட்டும் தனியாகக் கறுப்பாக்கினோம். அப்படிச் செய்தால் அந்த ஒரு இடத்துக்கு அவருக்குத்தான் வாக்கு. பெரியவர்கள் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: "மேல ஒண்ணு, லெனோராவுக்கு ஒண்ணு."

இந்த ஆண்டு மழை. சோளம் ஈரம். அறுவடை தாமதம். வாக்குச்சாவடிக்கு வெளியே அறுவடை இயந்திரங்களை ஓடவிட்டபடியே உள்ளே வந்தீர்கள். மேலே ஒன்று போட்டீர்கள். ஓடினீர்கள்!

பெருமையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலேயே, என் மனைவியிடமே கேட்டேன். "ஏம்மா, நீ எம் பேருக்கா போட்ட?"

"உம் பேருக்கு யாரு போட்டா? மேல ஒண்ணு போட்டேன், அடுப்புல ஆப்பிள் பை வெந்துக்கிட்டு இருந்துச்சு, ஓடி வந்துட்டேன்."

"லெனோராவுக்கு?"

"அதான் ஊரே போடுமே! நான் ஒருத்தி போடலன்னா என்ன ஆயிரும்?"

ஊரே போடும்! அதோ அந்த மூலையில் ஒருவர், ஊரே போடும். இதோ இந்த வரிசையில் ஒருவர், ஊரே போடும். ஊர் என்பது யார் ஐயா? ஊர் எங்கே குடியிருக்கிறது? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். மேடையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. எத்தனை பேர் திடீரென்று தரையைப் பார்க்கிறீர்கள்! தரையில் என்ன இருக்கிறது? நன்றாகத்தான் பெருக்கியிருக்கிறார் அர்லீன்.

எனக்குக் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. வெறுத்துத் தோற்கடித்திருந்தால்கூட அதில் ஒரு மரியாதை உண்டு. மறந்துபோய்த் தோற்கடித்துவிட்டு, மணக்க மணக்க விருந்து வைக்கிறோமே, இது என்ன நியாயம்?

ஆகவே ஒன்று செய்துவிட்டேன். இன்று மதியம் தேர்தல் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டேன். நான் பதவி ஏற்கப் போவதில்லை.

உட்காருங்கள் வெண்டல். உட்காருங்கள்! பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, வெண்டல் சொல்கிறார்: "உனக்கு மூள கீள கொழம்பிப்போச்சா? பதினெட்டு வருஷம் கழிச்சு நம்ம கைக்கு வந்த சீட்டுய்யா!" வெண்டல், அது நம் கைக்கு வரவில்லை. கை தவறி விழுந்தது. இடம் காலி என்றால் ஆளுநர் தனித்தேர்தல் அறிவிக்க வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில் வைப்பார்கள். அந்த வாக்குச்சீட்டில் இந்த ஒரு பதவிதான் இருக்கும். ஒளிந்துகொள்ள உச்சியில் வட்டம் இருக்காது. பெயரைப் படித்து, பெயருக்கு நேரே போட வேண்டும்.

என்ன அம்மையாரே? சத்தமாகச் சொல்லுங்கள். "என்னக் கேட்டியா கெரிட்?" என்கிறார்.

கேட்கவில்லை, அம்மையாரே. பதினெட்டு ஆண்டு ஒவ்வொரு வாக்குக்கும் முன்னால் நீங்கள் எங்களைக் கேட்டீர்கள். உங்களுக்கு முடிகிறதா, சலிக்கிறதா என்று நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. கூட்டத்தின் முன்னால் கேட்கிறேன். நிற்பீர்களா?

பொறுங்கள், அமைதி! பேசுகிறார். நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்.

"நிக்கிறேன். ஆனா நீயும் எதுத்து நிக்கணும். பேருக்கு இல்ல, நெசமா. வீடு வீடாப் போகணும், பன்றிக் கொட்டில் சட்டத்தப் பத்தி எங்கிட்ட சொன்னத ஊர்கிட்டச் சொல்லணும். எதுக்க ஒரு நெச ஆளு இல்லாமதான் இவங்களுக்கு எம் பேரு மறந்துபோச்சு."

அன்பர்களே! இவருக்குச் சாதகமாக ஒன்று செய்ய வந்தேன். இவர் அதைப் பிடுங்கி என் கையிலேயே வேலையாகக் கொடுத்துவிட்டார். சலிப்பாக இருக்கிறது, சத்தியமாகச் சலிப்பாக இருக்கிறது, ஆனால் சரியாகவும் இருக்கிறது!

நிற்கிறேன், அம்மையாரே. பிரசவப் பிரிவில் உங்கள் பக்கம், கொட்டில் சட்டத்தில் உங்களுக்கு எதிர்ப்பக்கம். நான் வென்றால் அந்த மசோதாவைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் வருவேன், முன்பக்கம் எதுவென்று கேட்க. ஆனால் வெல்லத்தான் பார்ப்பேன். நாளைக் காலை முதல் கதவு உன்னுடையது, ஹார்லன். கதவைத் திறந்து வை.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும் பொறுமையிழந்து எழுந்தவர்களுக்கும், சமைத்த கைகளுக்கும், தலைகுனிந்து கேட்ட நல்ல உள்ளங்களுக்கும், என்னை நேர்மையாகத் தோற்கடிக்க இன்று ஒப்புக்கொண்ட அம்மையாருக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.